டாப்ளர் பெர்ஃப்யூஷன் இண்டெக்ஸ்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவினால், கட்டி ஸ்கேனில் தெரிவதற்கு முன்பே ரத்த ஓட்டம் மாறிவிடும் என்ற எண்ணத்தில் பிறந்த அளவு இது. சுருக்கமாக டி.பி.ஐ. 1990களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் எட்வர்ட் லீனும் அவருடைய குழுவினரும் இதை முன்வைத்தார்கள்.

டாப்ளர் என்பது ஆள் பெயர். ஆஸ்திரியரான கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றி எழுதும்போது சொன்ன விளைவுதான் அடிப்படை: அலையை அனுப்பும் பொருள் நெருங்கி வந்தால் அதிர்வெண் கூடும், விலகினால் குறையும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவி அனுப்பும் ஒலி, ரத்தத்தில் ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும்போதும் இதே கதைதான். அந்த மாற்றத்திலிருந்து ரத்தத்தின் வேகம் கிடைக்கிறது. ஆள் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

பெர்ஃப்யூஷன் லத்தீன் வழி வந்தது. 'பெர்' என்றால் ஊடாக, 'ஃபுண்டெரே' என்றால் ஊற்றுதல். குருதியூட்டம் என்று எழுதலாம்தான்; ஆனால் அதைப் படிப்பவருக்குச் சத்துணவு நினைவுக்கு வரும், அல்லது ரத்தம் ஏற்றுவது. எனக்கு ஊடுபாய்வு பிடித்திருக்கிறது. இண்டெக்ஸுக்குக் குறியீட்டெண் புழக்கத்தில் இருக்கிறது. லத்தீனில் இண்டெக்ஸ் சுட்டுவிரலையும் குறிக்கும் என்பதால் சுட்டெண் இன்னும் நெருக்கம். ஆக, டாப்ளர் ஊடுபாய்வுச் சுட்டெண்.

சரி, எதைச் சுட்டுகிறது? கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக. மீதி கல்லீரல் தமனி வழியாக. பரவி வந்த கட்டிகள் பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்தே வளர்கின்றன. அதனால் தமனியின் பங்கு ஏறுகிறது. தமனி ஓட்டத்தை மொத்த ஓட்டத்தால் வகுத்தால் சுட்டெண். உதாரணமாக, நிமிடத்துக்குத் தமனியில் 300 மி.லி., சிரையில் 1200 மி.லி. என்றால் 0.2. கிளாஸ்கோ குழுவினர் 0.3ஐத் தாண்டினால் புற்று பரவியிருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது, அளப்பதுதான் பாடு. ஓட்டம் என்பது குழாயின் குறுக்குப் பரப்பையும் வேகத்தையும் பெருக்கி வருவது. கல்லீரல் தமனியோ மெல்லியது, வளைந்து நெளிந்து போவது. அதன் விட்டத்தை 10 சதவீதம் கூட்டி அளந்தால் பரப்பில் 21 சதவீதம் பிழை வந்துவிடும். ஒலிக்கற்றை குழாயைச் சந்திக்கும் கோணம் 60 பாகையைத் தாண்டினால் வேகக் கணக்கும் ஆட்டம் காணும். ஸ்கேன் செய்பவரின் கைத்திறனையே நம்பியிருந்த இந்த முறை, அன்றாட மருத்துவத்தில் வேரூன்றவில்லை. கல்லீரல் பரவலைத் தேட இன்றும் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள்.