ஆடிக் காற்றும் துப்பாக்கிக் குழலும்

"என்.சி.சி. முகாமில் பாயின்ட் டூ-டூ ரைபிள் சுடக் கொடுத்தார்கள். குழல் நீளமாக இருந்தால் குறி தப்பாது என்று எங்கள் மாமா அடித்துச் சொல்கிறார். ஆயிரம் கெஜத்தில் சுடுகிறவர்கள் உண்மையிலேயே நீளக் குழல்தான் வைத்திருக்கிறார்களா ஐயா?" கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதிக் கேட்டிருக்கிறார். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலைத்தொடர் வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிற ஊர் அது. ஆடியில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, அங்கே வாழை சாய்வது உறுதி. இந்தக் கேள்விக்கான பதிலில் பாதி அந்தக் காற்றில்தான் இருக்கிறது.

முதலில் குழலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஊசி அடித்ததும் மருந்து எரிகிறது, வாயு விரிகிறது, குண்டைத் தள்ளுகிறது. நெடுந்தூரப் போட்டிகளில் வெகுகாலமாகப் புழங்கும் .308 தோட்டாவில் (இந்த எண் குண்டின் விட்டம், அங்குலத்தில்) இருப்பது மூன்று கிராமுக்கும் சற்றுக் குறைவான மருந்து. அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஏறத்தாழ 4,000 மடங்கு வரை எகிறுகிறது. குண்டு சில செண்டிமீட்டர் நகர்வதற்குள் அந்த உச்சம் வந்து போய்விடும். பிறகு குண்டு முன்னே செல்லச் செல்ல, வாயுவுக்கு இடம் பெருகி அழுத்தம் சரிகிறது. ஆனாலும் 60 செண்டிமீட்டர் தாண்டியபோதும் அது இன்னும் சில நூறு மடங்கு இருக்கும். அதனால்தான் அந்த நீளத்தில் இன்னொரு அங்குலம் கூட்டினால் வேகம் வினாடிக்கு 6 முதல் 8 மீட்டர் வரை கூடுகிறது.

மாணவி சுட்ட ரைபிளின் கதை வேறு. பாயின்ட் டூ-டூ தோட்டாவில் மருந்து ஒரு கிராமில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். நாற்பது, நாற்பத்தைந்து செண்டிமீட்டருக்குள் அதன் வாயு ஓய்ந்துவிடும். அதற்கு மேல் குழலை நீட்டினால் உராய்வுதான் மிச்சம். குண்டு சற்றே வேகம் இழக்கும். ஆக, நீளம் தரக்கூடியது வேகம் மட்டுமே, அதுவும் மருந்து இடம் கொடுக்கும்வரைதான். குறியை அது தருவதில்லை.

அப்படியானால் வேகம் எதற்கு? குண்டு புவியீர்ப்பால் கீழே இறங்குவதைக் குறைக்க என்று பலரும் சொல்வார்கள். அந்த இறக்கத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். தூரம் தெரிந்தால் பார்வைக்கருவியில் திருகை இத்தனை சொடுக்குத் திருப்பினால் போதும். கணக்கில் அடங்காமல் ஆட்டம் காட்டுவது காற்றுதான்.

வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் இடமிருந்து வலமாகக் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். .308 குண்டு வினாடிக்கு 790 மீட்டரில் கிளம்பி 900 மீட்டரை, அதாவது கிட்டத்தட்ட ஆயிரம் கெஜத்தைக் கடக்க ஏறத்தாழ 1.7 வினாடி எடுக்கும். அத்தனை நேரமும் காற்று தள்ளினால் குண்டு 6.8 மீட்டர் விலக வேண்டும் அல்லவா? உண்மையில் விலகுவது 2.2 மீட்டர் அளவுதான். மீதி எங்கே போனது?

இந்தக் கேள்விக்கான விடையைப் போல எனக்குப் பிடித்த கணக்கு இயற்பியலில் அதிகம் இல்லை. சுடுகிறவர் பக்கத்தில் நிற்பதை விட்டுவிட்டு, காற்றோடு மிதந்து போகும் ஒரு பலூனில் ஏறிக்கொள்ளுங்கள். பலூனில் இருப்பவருக்குக் காற்றே வீசாது. தரைதான் இடப்பக்கமாக நழுவும். சுட்ட கணத்தில் அந்தக் குண்டு உங்கள் கண்ணுக்கு நேராக முன்னே போகாது. முன்னோக்கி 790, இடப்பக்கம் 4 என்று கொஞ்சம் சாய்ந்துதான் கிளம்பும். உங்களைச் சுற்றியுள்ள காற்று அசையாமல் நிற்பதால், அதன் இழுவை குண்டு போகும் திசைக்கு நேர் எதிராகவே இருக்கும். முன்னோக்கிய வேகம் பாதியானால் பக்கவாட்டு வேகமும் அதே விகிதத்தில் பாதியாகும். சாய்வு மாறாது, மேலிருந்து பார்த்தால் பாதை ஒரே நேர்கோடு. 900 மீட்டர் முன்னே போய்ச் சேரும்போது இடப்பக்கம் 900-ஐ 790-ஆல் வகுத்து நான்கால் பெருக்கிய தூரம், அதாவது சுமார் 4.6 மீட்டர் போயிருக்கும். அதே 1.7 வினாடியில் பலூன் வலப்பக்கம் 6.8 மீட்டர் நகர்ந்திருக்கும். தரையில் நிற்பவருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தெரியும்: 2.2 மீட்டர்.

அந்த 900-ஐ 790-ஆல் வகுத்த எண் என்ன தெரியுமா? காற்றே இல்லாத வெற்றிடத்தில் குண்டு எடுத்துக்கொள்ளும் நேரம். ஆகவே விலகல் பறக்கும் நேரத்தைப் பொறுத்தது அல்ல; இழுவையால் குண்டு எவ்வளவு பின்தங்கியது என்பதைப் பொறுத்தது. பிரெஞ்சுப் பீரங்கிப் படை அதிகாரி இசிடோர் திதியோன் பெயரால் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கும் விதி இது. கணினி இல்லை, காற்றுச்சுரங்கம் இல்லை. பார்க்கும் இடத்தை மாற்றியதால் கிடைத்த விதி!

இப்போது குழலுக்குத் திரும்பலாம். .308-இல் 15 செண்டிமீட்டர் கூட்டினால் வினாடிக்கு 45 மீட்டர் அளவு வேகம் கிடைக்கும். பின்தங்கல் குறையும், விலகலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மிச்சம். மேலே சொன்ன காற்றில் அது சுமார் 20 செண்டிமீட்டர். ஆயிரம் கெஜத்தில் பரிசு கைமாற அது போதும். இன்னொரு காரணமும் உண்டு. அந்தத் தூரத்தில் குண்டு ஒலிவேகத்தை நெருங்கிக் களைத்திருக்கும்; ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும் கட்டத்தில் சில குண்டுகள் தள்ளாடத் தொடங்கும். 800, 900, 1,000 கெஜத்தில் நடக்கும் பால்மா போட்டிக்காரர்கள் 30 அங்குலம், அதற்கும் மேல் என்று குழல் வைப்பது, 155 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) எடையுள்ள குண்டு இலக்கைத் தொடும்வரை ஒலியை முந்தியே போக வேண்டும் என்பதற்காக.

பாயின்ட் டூ-டூவில் இதே விதி தலைகீழாகக் கடிக்கிறது. வினாடிக்கு 380 மீட்டரில் பாயும் 'அதிவேக' தோட்டா, 325 மீட்டரில் போகும் சாதாரணத் தோட்டாவைவிடக் காற்றில் அதிகமாக விலகும். முன்னது சீக்கிரமே போய்ச் சேருகிறது, ஆனாலும் விலகுகிறது. ஒலிவேகத்தை ஒட்டிய இடத்தில் அதிர்ச்சி அலைகள் உருவாகி இழுவை செங்குத்தாக ஏறுவதால், வேகமான குண்டு கூடுதலாகப் பின்தங்குகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் பந்தயத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அங்கே ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டாவைத்தான் விரும்பிச் சுடுகிறார்கள்.

நீளத்துக்கு விலையும் உண்டு. ஒரு முனையில் மட்டும் பிடித்த கம்பியின் வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 60 செண்டிமீட்டர் குழலை அதே தடிமனில் 75 ஆக்கினால், அதே விசைக்கு நுனி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வளையும். வெடித்த கணத்தில் குழல் அதிரும்போது இது பெரிய விஷயம். தடிமனைக் கூட்டினால் எடை கூடும். துப்பாக்கியைத் தாங்கு கால்களில் ஊன்றிச் சுடும் எஃப்-டிஆர் என்ற நெடுந்தூரப் போட்டிப் பிரிவில் தாங்கு கால்களோடு சேர்த்து 8.25 கிலோவுக்கு மேல் அனுமதி இல்லை.

எல்லையோரத் தோப்புகளில் காட்டுப்பன்றிப் பேச்சு எழுந்தால், 'அந்தத் துப்பாக்கி ராசியானது' என்று ஒருவர் தொடங்குவார். ஆயுத பூஜைக்குக் குழலில் சந்தனப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ராசியை நம்பிக் காற்றைப் பார்க்காமல் விடுவதில்தான் ஆட்சேபம். போட்டியாளர் என்ன செய்கிறார் பாருங்கள்: தொலைநோக்கியில் இலக்கைவிடச் சற்று முன்னே குவியத்தை வைத்துக் கானலைக் கவனிக்கிறார். கானல் வலப்பக்கம் ஓடினால் காற்று அப்படி. நேராக மேலே கொதித்தால் பக்கக் காற்று இல்லை, அல்லது திசை மாறப்போகிறது. காற்றாலை நடுவதற்கு முன் கம்பம் நாட்டி மாதக்கணக்கில் காற்றை அளக்கப் பணம் கிடைக்கிறது. கணவாய்க்குள்ளேயே இருக்கும் கல்லூரிகளின் இயற்பியல் மாணவர்களுக்கு ஆளுக்கொரு காற்றுமானி வாங்கித் தர மட்டும் நிதி இல்லை என்றால் அது நியாயமாக எனக்குப் படவில்லை.

மாமாவிடம் இப்படிச் சொல்லலாம்: பாயின்ட் டூ-டூவுக்கு 50 செண்டிமீட்டரே தாராளம். 65 வரை வைப்பது எடை முன்னே அமரவும், திறந்த பார்வைக்குறிகளின் இடைவெளி கூடவும்தான். .308-ஐ 300 மீட்டரில் சுட 60, 65 போதும். ஆயிரம் கெஜத்துக்குப் போகிறவர் 75-ஐத் தாண்டட்டும். கையில் இருக்கும் குழலை அறுத்துச் சோதிக்கலாமே என்று அவர் கேட்டால், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவைக் காட்டுங்கள். குழலைக் குறுக்கவும் தனியாக உரிமம் வேண்டும்.