ஸ்டீல் காயில் என்றால் உப்புத் தண்ணிக்கு ஒன்றும் ஆகாதா?

"கீசர் பைப்பைத் தொட்டா சுள்ளுன்னு அடிக்கி, கொஞ்சம் வந்து பாருங்க" என்று போன் வரும். போய்த் திறந்தால், எனக்கு முன்னால் வந்த யாரோ ஒருவர் இயர்த்து வயரை வெட்டி, நுனியில் டேப் சுற்றி உள்ளே மடக்கி வைத்திருப்பார். கரண்டு கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் ஈஎல்சிபி சுவிட்ச் அடிக்கடி தட்டியதாம், அதற்கு வைத்தியமாம் இது! தட்டுவது நின்றிருக்கும், உண்மைதான். கசிகிற கரண்டுக்கு இருந்த ஒரே பாதையை அடைத்துவிட்டு, அடுத்து குளிக்கப் போகிற ஆளைப் பாதையாக்கியிருக்கிறார். முட்டம், குளச்சல், மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரம் முழுக்க இதே கதை. பொறுமை போய்த்தான் எழுதுகிறேன்.

தட்டுவதற்குக் காரணம் கீசருக்குள் தண்ணியைச் சுட வைக்கும் காயில். வீட்டுக்காரர் நம்ப மாட்டார். "ஸ்டீல் காயிலாக்கும் போட்டது, அது எப்பிடி ஓட்டை விழும்?" என்பார். இந்த ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லாத நாள் கிடையாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடு படலத்தால். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. தண்ணியிலுள்ள குளோரைடு, அதாவது உப்பு, அந்தப் படலத்தை ஒரே இடத்தில் குத்தி உடைக்கும். மற்ற இடமெல்லாம் பளபளவென்றே இருக்கும். சூடு ஏற ஏற இது வேகமாகும். வீட்டுத் தண்ணித் தொட்டியில் பல வருஷம் தாக்குப்பிடிக்கிற அதே 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காயிலில் சீக்கிரம் போய்விடுவது அதனால்தான். போதாக்குறைக்கு, போர் தண்ணியின் சுண்ணாம்பு காயில் மேல் ஓடு மாதிரி படியும். ஓட்டுக்கு அடியில் உப்பு சேர்ந்துகொண்டே போகும், காயிலும் கூடுதலாகச் சூடேறும். கழற்றிய காயில் மேல் படிந்த சுண்ணாம்பைத் தட்டி உதிர்த்துப் பாருங்கள். அடியில் ஊசி நுனி அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி, சில சமயம் அதன் வழியே வெள்ளைப் பொடி பிதுங்கி நிற்கும். உள்ளே இன்சுலேஷனாக அடைத்த மக்னீசியம் ஆக்சைடு அது. தண்ணி அங்கே போய்விட்டது என்று அர்த்தம், கரண்டு கசிவதும் அந்த வழியாகத்தான்.

தொழில் செய்யும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: 2000 வாட் காயிலில் மல்டிமீட்டர் வைத்து 26 ஓம் வந்ததும் "காயில் நல்லாயிருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். ஓட்டை விழுந்த காயிலும் 26 ஓம் காட்டும், தண்ணியையும் சுட வைக்கும். காயிலின் வெளி உறைக்கும் கரண்டு முனைக்கும் நடுவே, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

இனி எதை வாங்குவது? முதலில் தண்ணியைப் பாருங்கள். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பை மட்டும்தான் சொல்லும், குளோரைடைத் தனியாகச் சொல்லாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தால் சொல்வார்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 சொல்லும் ஏற்கத்தக்க குளோரைடு அளவு லிட்டருக்கு 250 மில்லிகிராம். அதைத் தாண்டினால் செம்பு உறைக் காயில், 304 காயில் இரண்டையும் நான் போடச் சொல்ல மாட்டேன். 316 ரக ஸ்டீலில் அரிப்பைத் தடுக்கும் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் உண்டு, கொஞ்சம் தேவலை. இன்கோலாய் 800 என்ற கலப்பு உலோகத்தில் நிக்கல் 30 சதவீதத்துக்கு மேல், சூட்டிலும் உப்பிலும் விரிசல் விடுவது குறைவு. வாயில் வைத்தாலே கரிக்கிற தண்ணி என்றால், மாலிப்டினமும் சேர்ந்த இன்கோலாய் 825 கேளுங்கள், அல்லது கண்ணாடிப் பூச்சுள்ள காயில். விலை கூடத்தான். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். காந்தம் வைத்துப் பார்க்கும் வித்தையெல்லாம் 304-ஐயும் 316-ஐயும் பிரித்துக் காட்டாது. உறை என்ன உலோகம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அதே வாட்ஸில் நீளமான காயில் கிடைத்தால் அதை எடுங்கள், மேற்பரப்புச் சூடு குறையும். பழைய காயிலைக் கையோடு கொண்டு போங்கள், காயிலை டேங்கில் பொருத்தும் தட்டான ஃபிளாஞ்சின் அளவு மாறினால் உட்காராது.

"தண்ணியின் கடினத்தைக் குறைக்க சாஃப்ட்னர் வச்சிருக்கோமே" என்பவர்களுக்கு: சுண்ணாம்பு படிவது குறையும், நல்லதுதான். குளோரைடு அப்படியே இருக்கும்.

சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 75 டிகிரியில் வைக்காதீர்கள். நம்மூர் வெயிலுக்கு 60 தாராளம்.

டேங்குக்குள் இருக்கும் மக்னீசியம் ராடை "என்னமோ இத்துப்போய்க் கிடந்தது" என்று சிலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். ஐயா, அது இத்துப்போவதற்கென்றே வைத்தது! அது கரைவதால்தான் டேங்க் தப்பிக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, கடலோர வீடானால் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, மெயினை அணைத்துவிட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ராடுக்குள் இருக்கும் கம்பி தெரிந்துவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். மெயினைத் திரும்பப் போட்டதும் 30 மில்லிஆம்பியர் ஈஎல்சிபியின் டெஸ்ட் பட்டனையும் அமுக்கிப் பாருங்கள், தட்டாவிட்டால் அதையும் மாற்றிய பிறகு கீசரைப் போடுங்கள்.