கொப்புளத்துக்கு முன்னால் வரும் அக்கி வலி

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் வேலூரில் உடம்பில் எது வந்தாலும் ‘சூடு’ என்றுதான் பேர். அக்கியையும் அதில் சேர்த்துவிடுகிறோம். வெயிலுக்கும் அக்கிக்கும் சம்பந்தமில்லை. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ், அம்மை இறங்கிய பிறகும் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல வருஷம் ஒடுங்கிக் கிடக்கும். வயதாகியோ வேறு நோயாலோ எதிர்ப்புச் சக்தி குறையும்போது, ஏதாவது ஒரு நரம்பு வழியாகத் தோலுக்கு வரும். அதனால்தான் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம்.

கொப்புளம் வந்துவிட்டால் வீட்டுப் பாட்டியே கண்டுபிடித்துவிடுவார். என் கவலை அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் பற்றியது. அப்போது வலி மட்டும்தான் இருக்கும். மார்பில் வந்தால் மாரடைப்போ என்று பயம், விலாவுக்குக் கீழே வந்தால் சிறுநீரகக் கல், வலது அடிவயிற்றில் வந்தால் குடல்வால். குடியாத்தம் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் ஓர் அம்மா இடது மார்பு வலியோடு வந்தார். மார்பு வலி என்றால் முதலில் ஈசிஜிதான். எடுத்தோம், சரியாக இருந்தது. “ஜாக்கெட் துணி பட்டாலே எரியுது சார்” என்றார். இதய வலி துணி உரசி எரியாது. முதுகில் அன்று ஒன்றும் இல்லை. தினமும் மகளை விட்டுப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் சாயங்காலமே வந்துவிட்டார். தோள்பட்டை எலும்புக்குக் கீழே சிவந்த திட்டு, அதன்மேல் கடுகளவில் நாலைந்து நீர்க்கொப்புளம். சிலருக்குக் கடைசிவரை கொப்புளமே வராது, வலி மட்டும் இருக்கும்.

முகத்தில் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் தெரிந்தாலும் கண்ணுக்கு ஆபத்து இருக்கலாம். கண் டாக்டரிடம் அன்றைக்கே போக வேண்டும். காது வலித்து, வாய் ஒரு பக்கம் கோணினால் ‘பஸ் ஜன்னல் காத்து பட்டுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காதுக்குள் கொப்புளம் இருக்கிறதா என்றும் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். புட்டத்தில், பிறப்புறுப்பு ஓரத்தில் வந்த அக்கியால் சிறுநீர் அடைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு.

குயவர் வீட்டில் காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கும். அதோடு, கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மாத்திரையைத் தொடங்கினால்தான் முழுப் பலன். வழக்கமாக 800 மில்லிகிராம், நாளைக்கு 5 வேளை, 7 நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும். கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். தாமதித்தால், கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் வலியோடு போராட வேண்டிவரலாம். வயதானவர்களை அந்த வலி தூங்கவே விடாது.

இளவயதுக்காரருக்குப் பரவலாக வந்தால் சர்க்கரையும் எச்ஐவியும் பரிசோதிப்பது நல்லது. 50 வயது தாண்டியவர்களுக்கு 2 தவணைத் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. விலைதான் அதிகம்.

வீட்டில் அம்மை வராத கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால், பொருக்கு கட்டும்வரை கொப்புளத்தைத் துணியால் மூடி, அவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள். அக்கி நீர் பட்டால் அவர்களுக்குச் சின்னம்மை வரலாம்.