மார்க்கெட் நாளும் நீர் மாத்திரையும்

இரண்டு மாதத்துக்கு முன்பு வந்த அந்த அம்மாவுக்கு வயது 62, பூ வியாபாரம். பிரஷர் 168/100. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதாகத்தான் சொன்னார். ஆனால் மாதம் முடிந்தும் அட்டையில் 9 மாத்திரை மிச்சம். நான் அதை எண்ணுவதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: “மார்க்கெட் போற அன்னிக்கு மட்டும் போடமாட்டேன் டாக்டரம்மா. ரெண்டு மணி நேரம் பஸ்ல உக்காரணும். நடுவுல எங்க எறங்குறது?”

அவரைக் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. பெண்கள் ஒதுங்க இடமில்லாத பாதை அது.

ஆனால் அந்த ஒரே மாத்திரைக்குள் பிரஷரைக் குறைக்கும் டெல்மிசார்டன், நீரைப் பிரிக்கும் குளோர்தாலிடோன் இரண்டும் இருந்தன. நீருக்குப் பயந்து விட்ட நாட்களில் இரண்டு மருந்தும் போயிற்று.

கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃப்ரூஸ்மைடு என்ற நீர் மாத்திரை வேறு; அது சில மணி நேரத்திலேயே கழிப்பறைக்கு ஓட வைக்கும். பிரஷருக்குப் பெரும்பாலும் தருவது குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை, அதுவும் குறைந்த அளவில். இவை சிறுநீரகம் வழியாக உப்பை வெளியேற்றும். உப்போடு நீரும் போகும். இதனால் வரும் கழிப்பறை அலைச்சல் சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதன்பிறகும் ரத்தக் குழாய்கள் தளர்வதால் பிரஷர் கட்டுக்குள் இருக்கும். பழைய, மலிவான மருந்து என்று ஒதுக்கவும் வேண்டாம்: 33,000 பேருக்கு மேல் பங்கேற்று 2002இல் முடிவு வெளியான ஆல்ஹாட் ஆய்வில், மாரடைப்பைத் தடுப்பதில் குளோர்தாலிடோன் புதிய மருந்துகளுக்குச் சளைக்கவில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது ரத்தத்திலுள்ள சோடியம், அதாவது உப்புச் சத்து. வயதானவர்களுக்கு, அதிலும் மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில், அது சட்டென்று குறையலாம். “அம்மா ரெண்டு நாளா சம்பந்தமில்லாம பேசுறாங்க, வயசாயிடுச்சுல்ல” என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். தள்ளாட்டம், குமட்டல், எந்நேரமும் தூக்கம், குழப்பம் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். நீங்களாகவே உப்பைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். வாந்தி பேதி வந்தால் மாத்திரையைத் தொடரலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் பிரஷரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அந்த அம்மாவுக்கு மருந்தை மாற்றவில்லை. மார்க்கெட் நாளில் மட்டும், வீடு திரும்பி மதியம் சாப்பிட்டதும் போடச் சொன்னேன். போன வாரம் காலி அட்டையோடு வந்தார், பிரஷர் 138/84. ஒரு நாளும் விடாமல் போடுவது இப்போதுதான் என்பதால், சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்க ரத்தம் கொடுக்க அனுப்பியிருக்கிறேன்.