டஃப்னஸ்: திட்பம்

'டஃப்பா ஆடு' என்று பயிற்சியாளர் குரல் கொடுப்பது சேலத்துக் கூடைப்பந்துத் திடல்களுக்குப் புதிதன்று. அதைக் கேட்கும் சிறுவர் சிலர், எதிராளியை இடித்துத் தள்ளச் சொல்வதாகவே எடுத்துக்கொள்கின்றனர். 'டஃப்னஸ்' (toughness) என்ற ஆங்கிலச் சொல்லைக் 'கடினத்தன்மை' என்றும் 'முரட்டுத்தனம்' என்றும் நாம் மனம்போனபடி பெயர்த்து வழங்குவதும் இதற்கு ஒரு காரணம்.

பழைய ஆங்கிலத்தில் 'தோஹ்' என வழங்கிய மூலச்சொல், எளிதில் அறாத, நொறுங்காத, இழுவைக்கு ஈடுகொடுக்கிற பொருளைக் குறித்தது. தெருச்சண்டைக்காரன் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சில் வந்து சேர்ந்தது. உலோகவியல் இன்றும் பழைய பொருளையே காத்துவருகிறது: முறிவதற்கு முன் ஒரு பொருள் எவ்வளவு ஆற்றலை உள்வாங்குகிறது என்பதே அங்கே டஃப்னஸ். உருக்காலை உள்ள சேலத்தில் இதை விளக்குவது எளிது. வார்ப்பிரும்பு கடினமானது, ஆனாலும் சம்மட்டி அடியில் விரிசல் விடும். எஃகோ சற்றே நெகிழ்ந்து அடியைத் தாங்கிக்கொள்ளும். எனவே 'கடினத்தன்மை' என்பது 'ஹார்ட்னஸ்' என்ற வேறொரு பண்புக்கு உரிய சொல்.

தொழில்முறைக் கூடைப்பந்தில் இந்தத் தாங்கும் பண்புக்கே மதிப்பு. அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளின் வழக்கமான பருவத்தில் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்களில், ஆட்டத்துக்கு 48 நிமிடம் களம் காண்கிறது. கூடைக்கடியில் எதிராளியை முதுகால் அடைத்து நிறுத்தும் 'பாக்ஸ் அவுட்', பாய்ந்து வருபவர் முன் கால் ஊன்றி நின்று மோதலை நெஞ்சில் வாங்கும் 'சார்ஜ்' ஆகிய இரண்டும் வழக்கமான புள்ளிப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆனால் அணியினர் அவற்றை மறப்பதில்லை. 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் வென்ற டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் முரட்டு அணி என்று பெயரெடுத்தது. என் கணிப்பில், அதைக் கரைசேர்த்தது அதன் இடைவிடாத தடுப்பாட்டமே.

மனத்தின் பங்குக்கு 2013 ஏப்ரல் 12 அன்று என்.பி.ஏ. வீரர் கோபி பிரையன்ட் செய்ததைக் காட்டலாம். குதிகால் தசைநார் அறுந்த நிலையில், தமக்கு உரிய இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும், அதாவது தடுப்பாரின்றி எறியும் வாய்ப்புகளையும், கூடையில் சேர்த்துவிட்டே அவர் களத்தைவிட்டு வெளியேறினார். வலியை மறைப்பதுதான் இப்பண்பு என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. தம் மனத்துயரை 2018இல் வெளிப்படையாகச் சொன்ன என்.பி.ஏ. வீரர் டிமார் டெரோசனும், ஆட்டத்தின் நடுவே தமக்கு நேர்ந்த பதற்றத் தாக்குதலை அதே ஆண்டில் எழுதிய மற்றொரு வீரர் கெவின் லவ்வும் தொடர்ந்து ஆடியவர்களே.

இவை அனைத்துக்கும் பொருந்தும் தமிழ்ச் சொல் 'திட்பம்'. நுண் என்பதிலிருந்து நுட்பம் பிறந்ததுபோல், திண் என்பதிலிருந்து திட்பம் பிறந்தது. 'வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம்' என்று அச்சொல்லைச் செயலோடு பிணைத்த வள்ளுவர், அடுத்த குறளிலேயே 'உற்றபின் ஒல்காமை', அதாவது இடையூறு வந்தபின் தளராமை, என்று அதன் இயல்பையும் சுட்டுகிறார். 'மன உறுதி' உடலை விட்டுவிடுகிறது. 'தாக்குப்பிடித்தல்' என்ற பேச்சுவழக்கு பொருளில் மிக நெருங்கியது, பயிற்சித் திடலுக்கு மிகவும் ஏற்றது; ஆயினும் அது செயலைச் சொல்லுமேயன்றி, அதற்கு அடிப்படையான பண்பைச் சொல்லாது.

எழுத்தில் உடல்திட்பம், மனத்திட்பம், திட்பமான தடுப்பாட்டம் என ஆளலாம். வேண்டுமென்றே இடித்துத் தள்ளுவதை மட்டும் 'முரட்டாட்டம்' என்று பிரித்துக் குறிக்க வேண்டும்.