குழந்தைய "நீ ஜீனியஸ்"னு புகழ்றதுக்கு முன்னாடி இத படிங்க

யாராச்சும் பிள்ளையோட மார்க் ஷீட்ட குரூப்ல போட்டா போதும், கீழ வரிசையா 'குடோஸ்'னு (நம்ம 'சபாஷ்' மாதிரி) வந்து விழும். நல்ல வார்த்தைதாங்க. ஆனா அது எங்கேர்ந்து வந்துச்சுனு பாத்தா, குழந்தைகள் மனநல ஆலோசகரா நான் அப்பா அம்மாக்கள் கிட்ட திரும்பத் திரும்ப சொல்ற விஷயம் அதுக்குள்ளயே இருக்கு.

அடிப்படையில இது பழைய கிரேக்க வார்த்தை. ட்ராய் போர பாடற ஹோமரோட இலியட் காவியத்துல நிறைய வரும். போர்ல ஒருத்தன் ஜெயிக்கிற நேரத்துல அவன் மேல வந்து இறங்குற பெருமைதான் அது, கிரேக்க கடவுள்களோட தலைவர் ஜீயஸ் இன்னிக்கு ட்ராய் வீரன் ஹெக்டருக்கு கொடுப்பாரு, அப்புறம் அது வேற ஒருத்தன் கைக்கு போயிடும், யாருக்கும் நிரந்தர சொத்து கிடையாது. செத்த பிறகும் பாட்டுல நிக்கிற புகழுக்கு அவங்க கிட்ட 'க்ளியோஸ்'னு வேற வார்த்தையே இருந்துச்சு. 19ஆம் நூற்றாண்டுல கிரேக்கம் படிச்ச பிரிட்டிஷ் யுனிவர்சிட்டி பசங்களோட ஸ்லாங்கா இருந்து, அப்புறம்தான் பேப்பர் மூலமா எல்லாரும் பேசற இங்கிலீஷ் ஆச்சு. கடைசில இருக்கற 'ஸ்' பன்மை இல்ல, வார்த்தையே அப்படித்தான்.

அதாவது அந்த புகழ் செஞ்ச காரியத்தோட ஒட்டினது. நாம வீட்ல பண்றது இதுக்கு நேர் எதிர், "நீ பிறவிலேயே புத்திசாலிடா"னு ஆள் மேலயே முத்திரை குத்திடறோம்.

இதோட விளைவ ரூம்ல கண்ணால பாக்கறேன். நாலாவது அஞ்சாவது படிக்கிற பையன், ஈஸியான, துண்டு சேர்க்கற புதிர் கொடுத்தா மடமடனு முடிச்சிட்டு என் முகத்த பாப்பான், கொஞ்சம் கஷ்டமானத வெச்சா ரெண்டு துண்ட எடுத்துப் பாத்துட்டு மெதுவா தள்ளி வெச்சிட்டு "இது போர் ஆன்ட்டி, வேற குடுங்க"ம்பான். போரெல்லாம் இல்ல, பயம். முடியலனா 'ஜீனியஸ்' பட்டம் போயிடும்ல!

க்ளாடியா ம்யூலர், கேரல் டுவெக்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1998ல வெளியிட்ட ஆய்வு இதத்தான் காட்டுச்சு. அஞ்சாம் வகுப்பு பசங்களுக்கு புதிர் கொடுத்து, சிலர புத்திசாலினும் சிலர நல்லா உழைச்சிருக்கீங்கனும் பாராட்டினாங்க. உழைப்புக்கு பாராட்டு வாங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க கத்துக்கற மாதிரி சவாலானத கேட்டாங்க. அப்புறம் வேணும்னே கஷ்டமான புதிர கொடுத்து தோக்க விட்டதும் புத்திசாலி குரூப் துவண்டுட்டாங்க, அடுத்து வந்த ஈஸியான புதிர்லயும் முன்ன எடுத்தத விட கம்மியா எடுத்தாங்க. இன்னும் மனச பிசையறது என்னன்னா, அந்த குரூப்ல பத்துக்கு கிட்டத்தட்ட நாலு பேர், முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்கு எழுதறப்ப தன்னோட மார்க்க கூட்டிச் சொல்லிட்டாங்க. பத்து வயசுப் பிள்ளைய பொய் சொல்ல வைக்கிற அளவுக்கு அந்த ஒரு வரி பாரமா இருக்குது.

இதுக்காக பாராட்டறதையே நிறுத்திடாதீங்க, ப்ளீஸ். பாராட்டு இல்லாம வளர்ற குழந்தையோட கஷ்டம் தனி. என்ன செஞ்சாங்கனு பாத்து சொல்லுங்க, அவ்ளோதான். "மொதல்ல போட்ட வழி வரலன்னதும் விடாம வேற வழி யோசிச்ச பாரு, அது எனக்கு பிடிச்சிருந்துச்சு", "தங்கச்சி அழுதப்ப நீயா போய் பொம்மைய கொடுத்த, பாத்தேன்". ஆனா முயற்சியே இல்லாத இடத்துல "சூப்பரா முயற்சி பண்ண"னு சொன்னா பிள்ளைங்க உடனே கண்டுபிடிச்சிடுவாங்க, அதனால ஒண்ணும் தோணலனா "எப்படி பண்ண, சொல்லேன்"னு கேளுங்க, உக்காந்து கேக்கறதே அவங்களுக்கு பெரிய பாராட்டு.

பரீட்சை அன்னிக்கு மட்டும் வயித்து வலி வருது, ஒரு தப்புக்கு பேப்பரையே கிழிக்குது, தோக்கற விளையாட்டுக்கே வரமாட்டேங்குது, இதெல்லாம் வாரக்கணக்குல நீடிச்சா திமிருனு திட்டாதீங்க. வயித்து வலிக்கு டாக்டர் கிட்ட ஒரு தடவ காட்டிட்டு, கூடவே ஒரு ஆலோசகரையும் பாத்துடுங்க.