தொழுநோய்: மாத்திரை தொடங்கிய பின் தேமல் சிவந்தால்

தொழுநோய்க்கான கூட்டு மருந்தைச் சாப்பிடத் தொடங்கிய மூன்றாவது மாதத்தில் கொத்தனார் ஒருவர் என்னிடம் வந்தார். அதுவரை மங்கலாகவும் தட்டையாகவும் இருந்த தேமல்கள் முதுகிலும் வலது கையிலும் சிவந்து தடித்திருந்தன. தொட்டால் சூடு தெரிந்தது. "மாத்திரை ஒத்துக்கலைங்க டாக்டர், பத்து நாளா நிறுத்திட்டேன்" என்றார். அவர் மனைவி சொன்னதுதான் எனக்கு அதிகக் கவலை தந்தது: "சோத்தைப் பிசைஞ்சு எடுக்கறப்ப சுண்டுவிரல் பக்கமா சிந்துதுங்க. கரணை கையில நிக்க மாட்டேங்குதுன்னு வேற சொல்றாரு."

மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைக் கொடுத்து, இறுகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இழுத்தேன். எந்தத் தடையுமில்லாமல் அது என் கைக்கு வந்துவிட்டது. முழங்கையின் உட்புற எலும்பு முட்டுக்குப் பின்னால் ஓடும் அல்நார் நரம்பு கயிறு போலத் தடித்திருந்தது; விரலால் மெல்ல அழுத்தியதுமே கையை இழுத்துக்கொண்டார்.

அவருக்கு வந்தது மருந்து ஒவ்வாமையன்று. கிருமி பெருகியதால் வந்ததும் அன்று. அவருடைய நோய் எதிர்ப்பு மண்டலம், அதுநாள் வரை பாதி உறக்கத்தில் இருந்துவிட்டு, திசுக்களுக்குள் கிடந்த கிருமிகளின் மீது திடீரென்று முழு வேகத்தில் பாய்ந்ததன் விளைவு அது. மருத்துவர்கள் இதை 'ரியாக்‌ஷன்' என்கிறோம். தொழுநோயில் கை மடங்குவதும், பாதம் தொங்குவதும், கண் இமை மூடாமல் போவதும் பெரும்பாலும் இந்த ரியாக்‌ஷன்களால்தான் நேர்கின்றன என்பதை நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டும்.

நார்வேயின் பெர்கன் நகரில் 1873-இல் மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்னும் இக்கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. ஒரு முறை இரண்டாகப் பிரியவே ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறது. உடலில் நுழைந்து நோய் வெளியே தெரிவதற்குச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகும், சிலருக்கு இருபது ஆண்டுகளும் ஆகலாம். உடலின் உள்வெப்பத்தைவிடச் சற்றுக் குளிர்ச்சியான இடங்களே அதற்கு ஏற்றவை என்பதால் தோல், மூக்கின் உட்பகுதி, காது மடல், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகள் ஆகியவற்றில் தங்குகிறது. நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் உயிரணுக்களுக்குள்ளேயே அது குடிபுகுவதுதான் இந்நோயின் தனித்தன்மை.

பெரும்பாலானோருக்கு இக்கிருமியை வெல்லும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. அவர்களுக்கு நோய் வருவதேயில்லை. நோய் வருபவர்களிடம் அது எந்த உருவம் எடுக்கும் என்பதை உடலின் எதிர்ப்பே தீர்மானிக்கிறது. தொழுநோய் ஆய்வாளர்களான ரிட்லியும் ஜாப்ளிங்கும் 1966-இல் வகுத்த ஐந்து பிரிவுகள் இந்த எதிர்ப்பின் ஏற்றத்தாழ்வை அடிப்படையாகக் கொண்டவையே. ஒரு முனையில், டி உயிரணுக்கள் என்னும் வெள்ளையணுக்கள் இன்டர்ஃபெரான் காமா போன்ற வேதிச் செய்திகளை வெளியிட்டு விழுங்கணுக்களைத் தூண்டுகின்றன. அவை கிருமிகளைச் சூழ்ந்து கிரானுலோமா என்னும் சிறு முடிச்சுகளாகின்றன. இவர்களுக்கு உணர்ச்சியற்ற ஒன்றிரண்டு தேமல்களே இருக்கும். தோலைச் சிறிது கீறி எடுத்துப் பரிசோதித்தாலும் கிருமி அகப்படாது. மறுமுனையில் அந்தத் தூண்டுதல் நிகழ்வதில்லை. எதிர்ப்பொருள்கள் ஏராளமாக உற்பத்தியானாலும், உயிரணுக்களுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை அவற்றால் எட்ட முடியாது. அதை விழுங்கிய அணுக்களே கொழுப்பேறிய நுரை போன்ற பைகளாகி அதற்கு இருப்பிடமாகிவிடுகின்றன. தோல் பளபளத்துத் தடிக்கிறது, காது மடல் பருக்கிறது, புருவ முடி உதிர்கிறது.

இரு முனைகளுக்கும் நடுவில் இருப்பவர்களின் எதிர்ப்பு நிலையானதன்று. கொத்தனாரும் இந்த நடுப் பிரிவினர். மருந்தால் கிருமிகள் மடிந்து அவற்றின் சிதைவுகள் வெளிப்படும்போதோ, வேறு காரணத்தாலோ எதிர்ப்பு சட்டென்று ஓங்கலாம். கருவுற்ற காலத்தில் தணிந்திருந்த எதிர்ப்பு பிரசவத்துக்குப் பின் மீளும் மாதங்களில் இதை நான் எதிர்பார்த்தே இருப்பேன். தோலில் இந்த மோதல் நடந்தால் வீக்கமும் சிவப்பும்தான். தோல் அதைத் தாங்கிக்கொள்ளும். நரம்பால் முடியாது. விரியாத உறைக்குள் வீக்கம் ஏறும்போது நரம்பிழைகள் நசுங்கி, இரத்த ஓட்டம் குறைந்து, சில நாட்களிலோ வாரங்களிலோ செயலிழக்கத் தொடங்குகின்றன.

இன்னொரு வகை ரியாக்‌ஷன், கிருமி மிகுந்தவர்களுக்கு வருவது. எதிர்ப்பொருள்களும் கிருமியின் துகள்களும் பிணைந்து திசுக்களில் படிவதற்கு இதில் முக்கியப் பங்குண்டு. முகத்திலும் கைகால்களிலும் வலியுள்ள சிவந்த முடிச்சுகள் கூட்டம் கூட்டமாக எழும்பும். காய்ச்சல், மூட்டு வலி, கண் சிவத்தல், ஆண்களுக்கு விதை வீக்கம் ஆகியவை உடன் வரலாம். ஆண்டுக்கணக்கில் வந்து வந்து போகும் இதைத்தான் நோயாளிகள் மிகவும் வெறுக்கிறார்கள். அந்த வெறுப்பு எனக்குப் புரிகிறது.

இவ்விரண்டிலும் கூட்டு மருந்தை நிறுத்தக்கூடாது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் ஆகிய மூன்றும் கிருமியை ஒழிக்கின்றன; கிருமி குறைந்தவர்களுக்கு ஆறு மாதம், மிகுந்தவர்களுக்குப் பன்னிரண்டு மாதம். அரசு சுகாதார நிலையங்களில் இவை இலவசம். எதிர்ப்பின் சீற்றத்தைத் தணிக்கப் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு தனியே வேண்டும். அதை மருத்துவர் அளவு பார்த்துத் தொடங்கி, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைப்பார். பாதிப்பு தொடங்கி ஆறு மாதத்துக்குள் வந்துவிட்டால் நரம்பு மீள நல்ல வாய்ப்புண்டு. நாள் தள்ளத் தள்ள அந்த வாய்ப்பு குறையும். சிறுநீர் சிவப்பதும் தோல் கறுப்பதும் இம்மருந்துகளால் வரும் மாற்றங்கள், அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு உடல் முழுவதும் தடிப்பும் கண்ணில் மஞ்சளும் தெரிந்தால் அது டாப்சோன் ஒவ்வாமையாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். எது ரியாக்‌ஷன், எது ஒவ்வாமை என்பதை வீட்டிலோ மருந்துக் கடையிலோ முடிவு செய்ய வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வலி இருந்தால்தான் நரம்பு கெடும் என்றும் நினைக்காதீர்கள். எந்த வலியுமில்லாமல் நரம்பு மெல்லச் செயலிழப்பதும் உண்டு. காலில் செருப்பு கழன்று விழுவது தெரியாமல் நடப்பது, சூடான டம்ளரைப் பிடித்தும் சுடாமலிருப்பது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது ஆகியவை எனக்கு முக்கியமான செய்திகள். இந்நோயாளிகளின் கால் புண்களுக்கு முதன்மையான காரணம் உணர்ச்சி இழந்த பாதம் அடிபடுவதே என்று வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் காட்டினார். பாதத்தை நாள்தோறும் பார்க்கச் சொல்வதும் மென்மையான அடித்தளமுள்ள காலணி தருவதும் அதனால்தான்.

மாத்திரை அட்டை முடிந்த பிறகும் ரியாக்‌ஷன் வரலாம். மடிந்த கிருமிகளின் துகள்கள் திசுவிலிருந்து அகல ஆண்டுகள் ஆகும்; அதுவரை எதிர்ப்பு மண்டலம் அவற்றோடு போராடிக்கொண்டிருக்கும். சிகிச்சை முடித்தவர் தேமல் சிவந்ததும் நோய் திரும்பிவிட்டதென்று அஞ்சி வீட்டுக்குள் ஒளிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது நோய் திரும்பியதாக இருப்பதில்லை. ஆயினும் நரம்பைச் சோதிக்க உடனே வரவேண்டும்.

கொத்தனார் நிறுத்திய மாத்திரையை அன்றே மீண்டும் தொடங்கினார், ஸ்டீராய்டும் சேர்ந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து, நான் கேட்கும் முன்பே விரல்களை விரித்துக் காட்டுவார். தேமல்கள் முதல் மாதத்திலேயே அடங்கிவிட்டன. கை அத்தனை விரைவில் திரும்பவில்லை. ஐந்தாவது மாதத்தில் காகிதத்தை இழுத்தபோது அது கொஞ்சம் இறுகி நின்று, பிறகு நழுவியது. சுண்டுவிரலின் ஓரத்தில் மரப்பு இன்னும் மிச்சமிருக்கிறது. பூச்சு வேலைக்குப் போகும் நாட்களில் அந்தக் கையில் கையுறை போட்டுக்கொள்கிறார்.